ஸுல்ஹா நடக்கும் வீட்டுக்குப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வட இஸ்ரேலின் கலிலேயாவில், குடும்பப் பகையில் பிள்ளையைப் பறிகொடுத்த அரபுப் பெற்றோரோடு வேலை பார்க்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். துக்கத்தைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் போகிறாய். ஆனால் அந்த வீடுகளில் துக்கம் நடக்கும்போதே 'ஸுல்ஹா' என்கிற சமரசப் பேச்சும் நடக்கும். அதன் படிகள் தெரியாவிட்டால், மூன்றாம் நாளே ஒரு தாய் ஏன் வாயை மூடிக்கொண்டாள் என்பது உனக்குப் பிடிபடாது.

முதலில் உடல். கொலை என்பதால் டெல் அவிவின் அபூ கபீர் தடயவியல் நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள். மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, சீக்கிரம் அடக்கம் செய்ய வேண்டும் என்று பழகிய குடும்பத்துக்கு அந்தக் காத்திருப்பே ஒரு தனி வதை. "அறுத்தார்களா?" என்று தாய் கேட்பாள். பொய் சொல்லாதே, விவரிக்கவும் செய்யாதே. "ஆமாம், பிறகு ஒழுங்காகத் தைத்துக் குளிப்பாட்டிவிட்டார்கள்" என்கிற அளவு போதும், அதையும் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு சொல். பல ஊர்களில் பெண்கள் கப்ருஸ்தானுக்கு, அதாவது அடக்கத்தலத்துக்கு, போவதில்லை. அதனால் ஜனாஸா (அடக்கத்துக்குத் தயாரான உடல்) பள்ளிவாசலுக்குப் போகுமுன் வீட்டில் வைக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்குக் கிடைக்கும் விடைபெறல். ஆண்கள் அவசரப்படுத்துவார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, அவள் பக்கத்தில் உட்கார நேரம் வாங்கி வை. முகம் சிதைந்திருந்தால் ஒரு கையையாவது கஃபன் எனும் சவத்துணிக்கு வெளியே விடச் சொல். காணாத முகத்தைக் கற்பனை செய்துகொண்டே இருப்பது, கண்டதைவிடக் கொடுமை.

துக்கம் விசாரிக்கும் மூன்று நாள் வீட்டில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில் சர்க்கரையில்லாத காபி வரும். வலக்கையால் வாங்கிக் குடி. சாதாரண நாளில் காபி குடித்ததும் 'தாயிமா', அதாவது 'என்றும் இப்படியே இருக்கட்டும்' என்பார்கள். துக்க வீட்டில் அந்தச் சொல் வரவே கூடாது. 'அல்லாஹ் யர்ஹமுஹு', அதாவது 'அல்லாஹ் அவருக்கு அருள் செய்வானாக' என்று சொல்லிக் கோப்பையைத் திருப்பிக் கொடு. "மற்ற பிள்ளைகள் இருக்கிறார்களே" என்று மட்டும் சொல்லிவிடாதே. இறந்தது மகளாக இருந்தால் விசாரிக்க வருவோரின் பேச்சே வேறாக இருக்கும். அதை அருகில் இருந்து கவனி.

இப்போது சமரசப் பேச்சு. கொன்றவன் தரப்பார் ஊர்ப் பெரியவர்கள், மார்க்க அறிஞர்கள் அடங்கிய 'ஜாஹா' குழுவை நாடுவார்கள். பழைய வழக்கில் முதல் மூன்று நாளும் அடுத்த நாளில் மூன்றில் ஒரு பங்கும் ரத்தம் கொதிக்கும் நேரம். அதற்குள் கொன்றவன் தரப்பு ஆண்கள் கண்ணில் படக்கூடாது. ஜாஹா முதலில் கேட்பது 'ஹுத்னா', போர்நிறுத்தம். அதற்கு அடையாளமாக 'அத்வா' என்று ஒரு தொகை கைமாறும். வாங்கிக்கொண்டால் பேச்சுக்கு இசைந்ததாக அர்த்தம். வந்தவர்கள் தங்களுக்குப் பரிமாறப்பட்ட காபியைத் தொடாமல் வைத்திருப்பார்கள், கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார்கள். உட்கார்ந்திருக்கும் தந்தையின் கண் முழுக்க அந்தக் கோப்பைகளின் மீதுதான் இருக்கும். அத்வா வாங்கியது மன்னிப்பு ஆகாது என்பதைத் தனியாக அவரிடம் சொல். 'மகனை விற்றுவிட்டேன்' என்ற நினைப்பு அந்த இரவில்தான் முளைக்கிறது. தியத் என்கிற ரத்த ஈட்டுப்பணம் பேசும்போதும் அதே முள் மறுபடி குத்தும்.

போர்நிறுத்தம் பலமுறை புதுப்பிக்கப்படும். மாதங்களாகும், வருடங்களும் ஆகும். ஸுல்ஹா நாளன்று எதிர்த்தரப்பார் வெள்ளைக் கொடியோடு நடந்து வருவார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக அந்தத் துணியில் ஒரு முடிச்சுப் போடுவார்கள். போட்ட முடிச்சை அவிழ்ப்பதில்லை. கைகுலுக்கல், மன்னிப்பு, பிறகு ஒரே தட்டில் உப்பும் சோறும். நீதிமன்ற வழக்கு அதுபாட்டுக்கு நடக்கும், ஆனால் ஜாமீனிலும் தண்டனையிலும் ஸுல்ஹாவைக் கணக்கில் எடுப்பதுண்டு.

இத்தனையும் மரபில் ஆண்களின் கூடம். பையனைச் சுமந்து பெற்றவள் சமையலறையில் காபி வறுத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய சம்மதத்தைப் பின்வாசல் வழியாகக் கேட்பார்கள், கேட்காமலும் விடுவார்கள். அவள் உரக்க அழுதால் இளவட்டங்களைத் தூண்டுகிறாள் என்பார்கள். மிச்சமிருக்கும் மகன்களின் உயிருக்காகவே அவள் அழுகையை விழுங்குகிறாள். இதை 'ஏற்றுக்கொண்டுவிட்டாள்' என்று உன் குறிப்பேட்டில் எழுதிவிடாதே. கொடியில் முடிச்சு விழுந்தது இரண்டு குலங்களுக்கிடையில். அவளிடம் யாரும் எதையும் முடித்துக்கொள்ளவில்லை. ஸுல்ஹாவுக்கு மறுநாள் அவளைப் பார்க்கப் போ, அன்றுதான் உடைவாள். 2020 ஆகஸ்டில் பிள்ளைகளை இழந்த அரபுத் தாய்மார் ஹைஃபாவிலிருந்து ஜெருசலேம்வரை நடந்தார்கள். கூடத்தில் கிடைக்காத இடத்தை அவர்கள் சாலையில் எடுத்துக்கொண்டார்கள்.

மேல் எகிப்தில் இன்னொரு விதம். பழிவாங்கும்வரை துக்கம் விசாரிக்க வருவோரையே ஏற்காத குடும்பங்கள் அங்கே உண்டு, அழுகையும் அதுவரை அடைபட்டுக் கிடக்கும். அங்கே சமரசம் வந்தால் கொன்றவன் தன் கஃபன் துணியைத் தானே கையில் ஏந்தி வந்து ஒப்படைப்பான்.

பகையில் சம்பந்தமே இல்லாத பையனும் சாவான். குலத்தில் எந்த ஆணும் இலக்கு. தவிர, இஸ்ரேலில் 2023ல் கொல்லப்பட்ட அரபுக் குடிமக்கள் 240-க்கும் மேல், முந்தைய ஆண்டைப் போல இரண்டு மடங்கு. அதில் கும்பல்களும் கந்துவட்டியும் கள்ளத் துப்பாக்கியும் கலந்திருப்பதால், "எதிலோ சிக்கியிருப்பான்" என்ற பேச்சு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நிற்கும். பெற்றோர் துக்கப்படுவதை விட்டுவிட்டு மகனுக்கு வக்கீலாக மாறிவிடுவார்கள். அவன் என்ன சாப்பிடுவான், யாரைக் கண்டால் சிரிப்பான் என்று கேட்டு அவர்களைத் திருப்பிக் கொண்டுவா.

பெரும்பாலான வழக்குகள் துலங்குவதில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம் 2001-இன்படி, வழக்கின் நிலையைத் தெரிந்துகொள்ளக் குடும்பத்துக்கு உரிமை உண்டு. பலருக்கு இது தெரியாது. எழுத்தில் கேட்க உதவு. தம்பி தங்கைகளின் போனில் கொலைக் காட்சி வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், முதல் வாரமே பார்த்து அழி. பதினான்கு பதினைந்து வயதுத் தம்பியைத் தனியாகக் கவனி. "இனி நீதான் ஆம்பளை" என்று யாராவது அவன் காதில் போட்டிருப்பார்கள்.

துக்கத்துக்கு நோய்ப் பெயர் வைக்க அவசரப்படாதே. நீடித்த துக்கத்தை நோயாகக் கணிக்க, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 ஆறு மாதம் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. பேச்சு முடியாத வீட்டில் நாள் எண்ணுவதே கஷ்டம்.

முதல் பெருநாளுக்குப் போகத் தவறாதே. பலகாரம் சுட்டிருக்கமாட்டார்கள். பேரீச்சம்பழமும் கசப்புக் காபியும் இருக்கும், அரை மணி உட்கார்ந்தால் போதும். கடைசியாக ஒன்று. அங்கே பெற்றோரைத் தலைமகன் பெயரால்தான் அழைப்பார்கள், மகன் பெயருக்கு முன்னால் தந்தைக்கு 'அபூ', தாய்க்கு 'உம்மு' சேரும். செத்தவன் தலைமகன் என்றால், சொந்தக்காரர்களே அந்தப் பெயரைச் சொல்லத் தயங்கி "அக்கா", "அத்தை" என்று மாற்றிக்கொள்வார்கள். சில தாய்மார் அந்தப் பெயரே வேண்டும் என்பார்கள், சிலர் கொஞ்ச மாதம் வேண்டாம் என்பார்கள். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவளிடமே கேட்டுக்கொள்.

அன்புடன்,
அக்கா