சோமசெட் ஒரு ஊரின் பெயர்

கொவென்ட்ரி
12 ஒக்ரோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் சொன்னால் பாதி உங்களுக்குக் கேட்காது. மற்றப் பாதியை அம்மா தன் எண்ணத்துக்கு மாற்றிச் சொல்லிவிடுவார். நாற்பது வருடம் தகரம் தட்டிய காது, அதைக் குறை சொல்லி என்ன? அதனால்தான் கடிதம். எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன், கண்ணாடி தேடி அலைய வேண்டாம்.

நம்முடைய பழைய ஒஸ்ரின் கார் சோமசெட்டுக்கு ஜப்பான் டீசல் எஞ்சின் பூட்டித் தருகிறேன் என்று ஒருவன் வந்து விலை பேசிவிட்டுப் போனதாகத் தம்பி சொன்னான். பழைய எஞ்சினை இரும்பு விலைக்கு அவனே எடுக்கிறானாம். நல்ல மனிதன்! நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தீர்களாம். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அப்படியே இருங்கள்.

நான் இன்னும் பெற்றோல் செற்றில் நிற்கிறேன் என்றுதான் ஊரில் சனம் நினைக்கிறது. அதை விட்டு ஒன்றரை வருடம். இப்போது கொவென்ட்ரிக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே, பழைய மாட்டுக் கொட்டிலைக் கராஜ் ஆக்கி வைத்திருக்கும் ஒரு கிழவரிடம் வேலை. வருவதெல்லாம் பழைய இங்கிலாந்துக் கார்கள்தான். ஜாகுவார், பென்ற்லி, எம்ஜி, எப்போதாவது ஒரு ரோல்ஸ் ரொய்ஸ். உங்களைவிட வயதில் மூத்த கார்கள்.

வேலை கேட்டுப் போன அன்று கிழவர் என் சான்றிதழ் எதையும் பார்க்கவில்லை. ஒரு நட்டைக் கையில் தந்துவிட்டுச் சுவரில் தொங்கிய ஸ்பனர்களைக் காட்டினார். நான் அளக்காமல் ஒன்றை எடுத்தேன். சரியாக உட்கார்ந்தது. விற்வேர்த் ஸ்பனர், அப்பா! பழைய இங்கிலாந்து அளவு. உங்கள் பச்சைப் பெட்டியில் இருப்பது போன்றதேதான். மேலே கால் இஞ்சி என்று அடித்திருக்கும், வாயை அளந்தால் அரை இஞ்சியைத் தாண்டும். அந்த எண் போல்ற்றின் தடிப்புக்கு, நட்டின் அகலத்துக்கு இல்லை என்று பன்னிரண்டு வயதில் எனக்குக் குட்டிக் குட்டிச் சொல்லித் தந்தீர்கள். கல்லூரியில் படித்துவிட்டு வருகிற இந்த ஊர்ப் பிள்ளைகள் முதல் மாதம் முழுக்க அதில்தான் தடுமாறுகிறார்கள். எனக்கு அந்தக் குட்டுகள்தான் சான்றிதழ்.

ஸ்பனர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். முதன்முதலாக ஒரு எம்ஜி டிசி எஞ்சினைக் கழற்றியபோது எனக்குத் தலை சுற்றியது. போல்ற்றுத் தலையெல்லாம் விற்வேர்த் அளவு. கழற்றி மரையைப் பார்த்தால் மில்லிமீற்றர்! யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். கிழவர் சிரித்தார். முதலாம் உலகப் போரில் ஹொச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பனி இதே கொவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலை போட்டது. 1923இல் கார் செய்யும் மொறிஸ் அதை வாங்கினார். இயந்திரங்கள் எல்லாம் பிரெஞ்சுக்காரனுடையவை, அவை மில்லிமீற்றர் மரைதான் வெட்டும். அவற்றை எறியவும் மனமில்லை, இங்கிலாந்து மெக்கானிக் புது ஸ்பனர் வாங்கவும் மாட்டான். அதனால் மரை பிரெஞ்சு, தலை இங்கிலீஷ். அந்த வழக்கம் எம்ஜி எஞ்சினிலும் 1950கள் வரை தொடர்ந்ததாம். நீங்கள் டிராக்டர் போல்ற்றைக் காருக்குப் போட்டபோது பெரியப்பா சிரித்தாரே, அவருக்கு இதைச் சொல்லுங்கள்.

குளிர் உண்டு, மழை உண்டு, சாப்பாடு பரவாயில்லை. அதெல்லாம் அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டேன்.

இப்போது என் கையில் இருப்பது ஒரு ஜாகுவார் எக்ஸ்கே 120. 1948இல் லண்டன் கண்காட்சியில் முதலில் வைத்தார்கள். மணிக்கு 120 மைல் ஓடும் என்பதால் அந்தப் பெயர். கொஞ்சம்தான் விற்கும் என்று நினைத்து முதலில் ஆஷ் மரச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டைக் கையால் வளைத்துச் செய்தார்கள். சனம் வரிசையில் நிற்கவே 1950இல் இரும்புத் தகட்டுக்கு மாறினார்கள். இது இரும்பு வண்டி. முன் மட்காட்டுக்கு மட்டும் எனக்கு மூன்று கிழமை போனது. இரண்டு உருளைகளுக்கு நடுவே தகட்டை முன்னும் பின்னும் இழுத்து இழுத்து வளைக்க வேண்டும். அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயரே இங்கிலீஷ் சக்கரம். ஒரு இழுப்பு கூடினால் தகடு கோணிவிடும், பிறகு அதைச் சமாதானப்படுத்த ஒரு நாள்.

பொருத்து இடத்தைப் பேஸ்ற் போட்டு மூடுவதில்லை, ஈயம் பூசுகிறார்கள். மரக்கட்டையில் கொழுப்புத் தடவி, ஈயம் வெண்ணெய் மாதிரி இளகும்போது வழித்து விடுவது. நான் கட்டையை எடுத்ததும் கிழவர் எட்டிப் பார்த்து, "யாரிடம் பழகினாய்?" என்று கேட்டார். சொன்னேன். "உன் அப்பா அரத்தால் தேய்ப்பாரா, மணல் தாளாலா?" என்று அடுத்த கேள்வி. அரம் என்றேன். தாளால் தேய்த்தால் ஈயத்தூள் நெஞ்சுக்குள் போகும் என்பது நீங்கள் சொல்லித் தந்தது. அன்றிலிருந்து எனக்கு அவர் கையால் தேத்தண்ணி.

இந்தக் கார்களுக்கு உரிமையாளர்களாக வரும் ஆட்கள் இரண்டு வகை. ஒரு வகை, காரைக் காசாகப் பார்ப்பவர்கள். வாங்கி, பட்டுத்துணி போர்த்தி, ஈரம் படாத அறையில் வைத்து, விலை ஏறுவதைப் பார்த்திருப்பார்கள். கண்காட்சிக்கு லொறியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். குழாயைப் பிடிக்கும் கிளிப் அந்த வருடத்தினது இல்லை என்று அங்கே ஒரு புள்ளி வெட்டினால் எங்களுக்கு வந்து முகத்தைத் தூக்குவார்கள். கூலி தருகிறார்கள், வேறென்ன சொல்ல?

மற்ற வகை விசர் பிடித்தவர்கள். எனக்கு அவர்களைத்தான் பிடிக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியர், பல் வைத்தியர், தபால்காரர். வீட்டுக்கூரை ஒழுகும், காருக்குப் புது எஞ்சின் பெயரிங் வாங்குவார்கள். இந்த நாட்டில் நாற்பது வயது கடந்த வண்டிக்கு வாகன வரி கட்டத் தேவையில்லை. 2018இலிருந்து வருடாந்தப் பரிசோதனையும் கட்டாயம் இல்லை. முதியோர் சலுகை மாதிரி. ஆனால் 2021இல் பெற்றோலில் எதனோல் கலப்பதைக் கூட்டிவிட்டார்கள், அது பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடுகிறது. நாலு பேர் கூடினால் அந்தப் புலம்பல்தான்.

போன கோடையில் கிழவர் என்னைப் பிரெஸ்கொட் என்ற இடத்துக்குக் கூட்டிப் போனார். செல்ற்றன்காம் பக்கம் ஒரு குன்று. 1,127 யார் நீள வளைந்த ஏற்றம், ஒருவர் பின் ஒருவராக ஏற வேண்டும், நேரம் குறைந்தவர் வெற்றி. 1938இலிருந்து நடக்கிறது. எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா, 1920களின் திறந்த காரில், தோல் தொப்பி போட்டுக்கொண்டு போன வேகத்தைப் பார்க்க எனக்குக் கை நடுங்கியது. இறங்கி வந்து, எண்ணெய்க் கையோடே சான்ட்விச் சாப்பிட்டார்.

அங்கே ஒரு மணம். நல்ல பழக்கமான மணம், எதுவென்று பிடிபடவில்லை. பிறகு பொறி தட்டியது: ஆமணக்கெண்ணெய்! பழைய றேஸ் எஞ்சின்களுக்கு அதைத்தான் ஊற்றுவார்களாம். சூட்டில் வழுக்கல் போகாது. காஸ்ரோல் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். சுற்றி நின்றவர்கள் கண்ணை மூடி, பூ மணப்பது மாதிரி மூச்சை இழுக்கிறார்கள். எனக்கோ பள்ளி விடுமுறையில் அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றிய பேதிதான் நினைவு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். காரணத்தைச் சொன்னதும் கிழவர் தானும் குடித்திருப்பதாகச் சொன்னார். அவருடைய அம்மாவும் விடவில்லையாம்.

இனி எஞ்சின் விடயத்துக்கு வருகிறேன்.

பென்ற்லி கார்கள் 1920களில் பிரான்சின் லு மான் 24 மணி நேர ஓட்டத்தில் பெயரெடுத்தவை. 1924, பிறகு 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நாலு தரம், மொத்தம் ஐந்து வெற்றி. வென்ற மறு வருடமே கம்பனி கையில் காசில்லாமல் ரோல்ஸ் ரொய்ஸிடம் போய்விட்டது, அது வேறு கதை. கடைசி இரண்டு தரமும் வென்றது ஒரே வண்டி, ஸ்பீட் சிக்ஸ். 'ஓல்ட் நம்பர் வன்' என்று பட்டப்பெயர். அதன்பிறகும் அதை ஓட்டினார்கள், மாற்றினார்கள், பெரிய எஞ்சின் போட்டார்கள். 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓட்டப் பாதையில் சரிவின் உச்சியைத் தாண்டிப் பறந்து விழுந்து, ஓட்டியவர் இறந்தார். திரும்பக் கட்டினார்கள். 1990இல் அதை ஒரு கோடி பவுணுக்கு விலை பேசினார்கள். வாங்க வந்தவர்கள் பிறகு மறுத்துவிட்டார்கள். 1929இல் ஓடிய காரின் உடம்பு இதில் அனேகமாக எதுவும் மிச்சமில்லை, இது அந்தக் கார் இல்லை என்று வாதம்.

லண்டன் உயர் நீதிமன்றம் வரை போனது வழக்கு. இரும்பு மாறியது உண்மைதான் என்று நீதிபதியும் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் அந்த ஒரே வண்டியின் வாழ்க்கையில் நடந்தது, இடையில் அது முடிந்து இன்னொரு வண்டி பிறக்கவில்லை, ஆகவே இதுதான் ஓல்ட் நம்பர் வன் என்று தீர்ப்பளித்தார். கிழவர் இதைச் சொல்லி முடித்தபோது எனக்கு வேறொரு கார்தான் கண்ணில் நின்றது.

நம்முடைய சோமசெட்டின் தரை, தார்ப் பீப்பாயை வெட்டி நிமிர்த்திப் போட்டது. வலப்பக்கக் கதவு வேறொரு ஒஸ்ரின் ஏ40 காரிலிருந்து வந்தது. சீற்றுக்குள் தென்னந்தும்பு. 1990க்குப் பிறகு பெற்றோல் வராத காலத்தில் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராற் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினீர்கள். சம்ப் எண்ணெய் இளகிவிடும் என்று எத்தனை தரம் வடித்து ஊற்றினீர்கள்! 95இல் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தில் ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக நகர்ந்த இரவில், பாட்டியும் தையல் மெசினும் நாங்களும் அதற்குள்தான் இருந்தோம். அன்றும் அது மண்ணெண்ணெயில்தான் ஓடியது. இங்கே இதைச் சொன்னபோது கராஜில் வேலை நின்றுவிட்டது. 1200 சிசி எஞ்சின் அதைத் தாங்கியதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். படம் அனுப்பச் சொல்லி நச்சரிக்கிறார்கள். தரையையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் தம்பியிடம்.

டீசல் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். உங்களுக்கு முழங்கால் நோ, ஆஸ்பத்திரிக்குப் போகவர ஓடுகிற வண்டி வேண்டும், எனக்குத் தெரியும். இங்கே இருந்துகொண்டு அதை அப்படியே வைத்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கழற்றுவதானால் எஞ்சின் இரும்புக்காரனிடம் போகக் கூடாது. கிறீஸ் பூசி, சாக்கில் சுற்றி, மாமரத்தடிக் கொட்டிலில் கட்டை மேல் வையுங்கள். அவன் சொன்ன விலையை நான் அனுப்புகிறேன். நான் வரும்போது திரும்பப் பூட்டலாம்.

இன்னொன்று. பிரிஸ்டல் பக்கம் ஒரு வண்டியை எடுக்க லொறியில் போனபோது வழியில் பெரிய பலகை: சோமசெட். நான் கத்திவிட்டேன். அது ஒரு மாவட்டத்தின் பெயராம், அப்பா. நாங்கள் 'டெவன்' என்று சொல்லும் ஏ40 இருக்கிறதே, அதுவும் பக்கத்து மாவட்டம். ஒஸ்ரின் கம்பனிக்காரன் ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறான். கொக்குவில், கோண்டாவில் என்று கார் விட்டால் எப்படி இருக்கும்? பேர்மிங்காம் பக்கத்தில் லோங்பிரிட்ஜுக்கும் போய்ப் பார்த்தேன், நம்முடைய வண்டி பிறந்த இடம். தொழிற்சாலையை 2005இல் மூடிவிட்டார்கள். பெரும்பகுதியில் இப்போது கடைகளும் வீடுகளும் கல்லூரியும். ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

போன மாதம் பியூலி என்ற ஊரில் பழைய கார்ச் சாமான் சந்தை. 1967இலிருந்து வருடா வருடம் நடக்கிறது, வயல் முழுக்கத் துருப்பிடித்த இரும்பு. உங்களை அங்கே விட்டால் இரண்டு நாளுக்குத் தேட வேண்டியிருக்கும். ஒரு கிழவியின் மேசையில், கதவுப் பிடிகளுக்கு நடுவே, பொனட்டில் நிற்கும் பறக்கும் 'ஏ' கிடந்தது. இடம்பெயர்ந்தபோது உடைந்து தொலைந்ததே, அதே சிறகு. முப்பது பவுண் சொன்னார், கதை சொன்னேன், பதினைந்துக்குத் தந்தார். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

தைப்பொங்கலுக்கு ஊருக்கு வரும் ஒரு அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். அதற்கு முன் பொனட்டைத் திறந்து பாருங்கள். பழைய துவாரங்கள் அப்படியே இருக்கின்றனவா, அல்லது மழைத்தண்ணி இறங்குகிறது என்று ஈயம் வைத்து அடைத்துவிட்டீர்களா? இருந்தால் இரண்டுக்கும் நடுவே எத்தனை இஞ்சி என்று அளந்து தம்பியிடம் சொல்லி அனுப்புங்கள். மரை எனக்குத் தெரியும்.

உங்கள் அன்பு மகன்