கத்தரிக்குமுன் புதரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கை ஒட்டி இடுப்பளவு வளர்ந்திருந்த நந்தியாவட்டை வரிசையை, மூன்று மாதங்களுக்கு முன் ஒரு காலையில் இயந்திரம் கொண்டு மட்டமாகக் கத்தரித்தார்கள். கூட்டிக் குவித்த தழைக்குள், ஓரம் சேர்த்துத் தைத்த இரண்டு இலைகளுக்கு நடுவே, பஞ்சின்மேல் மூன்று முட்டைகள் கிடந்தன. அவற்றுள் இரண்டு உடைந்திருந்தன. அது தையல்சிட்டின் கூடு. தாய்ப்பறவை அன்று மாலைவரை மொட்டைக் கிளைகளில் தாவித் தாவிக் கத்திக்கொண்டிருந்தது.

செம்பழுப்பு உச்சியும் பசுமை படர்ந்த முதுகும் தூக்கிய வாலும் கொண்ட இப்பறவை 10 கிராம் எடைகூட இராது. ஆனால், உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத அதன் உரத்த ‘டுவிட் டுவிட்’ குரலை நம் பேட்டைகளில் கேளாதவர் இரார். (பலர் அதைச் சிட்டுக்குருவி என்றே சொல்லிவிடுகிறார்கள்; இரண்டும் வேறு.) இலைகளில் ஒளிந்திருக்கும் புழுக்களையும் சிறு வண்டுகளையும் அது நாள் முழுவதும் பொறுக்கித் தின்கிறது.

தைப்பது பெண்பறவை. செடியிலிருந்து பறிக்காமலே இலையின் விளிம்பில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையோ பஞ்சிழையையோ அதில் நுழைத்து இழுக்கிறது. வெளிப்பக்கம் பிசிறாக விரியும் இழை முடிச்சுப்போல் நின்று பிடித்துக்கொள்கிறது. இலை வாடாமல் பச்சையாகவே இருப்பதால், ஒரு முழம் தள்ளி நின்றாலும் கூடு கண்ணில் படாது. பூனையை ஏமாற்றும் அதே மறைவு, செடி வெட்டும் ஊழியரையும் ஏமாற்றிவிடுகிறது. வெயிலில் வேலையை முடித்தாக வேண்டிய அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. காட்டுப் பறவைகளை அனுமதியின்றிப் பிடிப்பதையும் கொல்வதையும் வனவிலங்குச் சட்டம் தடைசெய்கிறது. அன்று நடந்ததோ அறியாமல் நேர்ந்தது.

செடி வெட்டும் வேலையைக் குத்தகைக்கு விடுவோர், இயந்திரம் தொடுமுன் ஒருவர் புதர் வரிசையோரம் நடந்து, பறவை அடிக்கடி புகுந்து வெளியேறும் செடி எதுவெனப் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். கூடு இருந்தால் அந்த ஒரு புதரில் நாடா கட்டி விட்டுவிடலாம். முட்டை பொரிய ஏறத்தாழ 12 நாள், குஞ்சு பறக்க இரண்டு வாரம். ஆக ஒரு மாதத்துக்குள் செடி திரும்பக் கைக்கு வந்துவிடும்.

நந்தியாவட்டை இப்போது மீண்டும் தழைத்திருக்கிறது. நேற்று அதனுள்ளிருந்து அதே குரல் கேட்டது. அடுத்த வாரம் செடிகள் கத்தரிக்கப்படும் என்று மின்தூக்கி அருகே அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்