செயலாளர் ஆண்டறிக்கை 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, முடிச்சூரில் நம் நகரில் குடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான சங்கப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் வழக்கம்போல் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். ஜூலையில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. பூங்கா வேலி சரிசெய்யப்பட்டது. பொங்கல் கோலப்போட்டியை மகளிர் குழுவினர் தாங்களே பரிசு வாங்கி நடத்திக் கொடுத்தார்கள். இரண்டாவது குறுக்குத் தெரு விளக்குகளுக்கு மனு கொடுத்திருக்கிறோம். செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. பாதி மாதங்கள் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை) சேராமல், வந்தவர்கள் பேசிவிட்டுக் கலைந்தோம்.

இந்த ஆண்டின் முக்கிய வேலை வெள்ள முன்னேற்பாடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதற்குச் சங்கப் பணத்தைச் செலவழித்தது பற்றி உறுப்பினர்கள் சிலர் என்னிடமும், பலர் என் முதுகுக்குப் பின்னாலும் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது இங்கே இருந்தவர்களுக்கு நான் எதையும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வீடு வாங்கி வந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதால் ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். மழை என்றாலே நாம் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றித்தான் பேசுகிறோம். முழு உயரமான 24 அடியில் இன்று எத்தனை அடி, எத்தனை கன அடி திறந்தார்கள் என்று குழந்தைகள்கூடச் சொல்கின்றன. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். அது நமக்குக் கீழே. நம் தெருவுக்குள் வருவது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், ஒரத்தூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர். கீழே ஆறு முட்டி நின்றால் நம் தண்ணீர் வடிய நேரமாகும் என்பது சரிதான். ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது மேற்கே. 2015இல் செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததை நாடே பேசியது. ஆதனூர் ஏரியைப் பற்றி நமக்கு ஒருவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அதனால்தான் ஆகஸ்டில் வீடு வீடாகப் படிவம் கொடுத்தோம். கேட்டது நான்கே விவரம். வீட்டில் எத்தனை பேர். படுக்கையில் இருப்பவர், கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருப்பவர் யாராவது உண்டா. வெளியூரில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். மாடிச் சாவி யாரிடம் இருக்கும். இதில் ஆதாரும் இல்லை, வங்கி விவரமும் இல்லை. இருந்தும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வீடுகள் படிவத்தைத் திருப்பித் தரவே இல்லை. "இதெல்லாம் உங்களுக்கு எதற்கு சார்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர்களும் உண்டு.

அடுத்து, தெருமுனைச் சிறுபாலத்தின் சுவரில் மூன்று கோடுகள் வரைந்தோம். தண்ணீர் முதல் கோட்டைத் தொட்டால் வண்டிகளை வெளிவட்டச் சாலைப் பக்கம் மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது கோட்டுக்கு மெயின் சுவிட்சை அணைத்து, சம்ப்பை (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை) இறுக மூடி, கீழ்த்தளத்து முதியவர்களை மாடிக்கு ஏற்ற வேண்டும். மூன்றாவது வந்தால் படகு கேட்க வேண்டும், அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. பிள்ளையார் கோயில் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினோம். ஒரு கை மைக், பேட்டரியில் ஓடும் ரேடியோ, கயிறு, நான்கு பெரிய டார்ச் வாங்கினோம். "ஆளுக்கு இரண்டு போன் இருக்கும் காலத்தில் கரும்பலகையா?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அந்தப் பேச்சு நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது.

டிசம்பர் 3, ஞாயிறு. மிக்ஜாம் புயல் கரையைக் கடக்காமல் கடலோரமாகவே நகர்ந்துகொண்டிருந்தது. 5ஆம் தேதிதான் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையேறியது. அதற்குள் நமக்கு இரண்டு நாள் மழையைக் கொட்டிவிட்டது. அன்று மாலை, ஆதனூரில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் போன் செய்து, ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் வெளியே போகிறது என்றார். உடனே பலகையில் எழுதினோம், மைக்கில் சொல்லிக்கொண்டே தெருத்தெருவாக நடந்தோம். இரவு மின்சாரம் நின்றது. திங்கள் காலைக்குள் டவர்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. கையில் போன் இருந்தும் யாருக்கும் ஒரு தகவல் வரவில்லை. ரேடியோவில் எஃப்.எம். 101.4இல் செய்தி கேட்டு, பாலத்துக் கோட்டைப் பார்த்து, நனையாமல் தார்ப்பாய் கட்டிய அந்தப் பலகையில் எழுதினோம். திங்கள் காலை எழுதியது இது: "மணி 6. இரண்டாம் கோடு தாண்டியாச்சு. மூன்றாம் தெரு வழியாக யாரும் போக வேண்டாம், மேன்ஹோல் மூடி இல்லை. பால் வராது. கீழ்வீட்டுக்காரர்கள் மாடிக்கு." இடுப்பளவு தண்ணீரில் வந்து அதைப் படித்துவிட்டுப் போய் மற்றவர்களுக்குச் சொன்னவர்களை நான் பார்த்தேன்.

நெட்வொர்க் முழுதாகப் போவதற்கு முன் நம் செல்போன் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றியது. செம்பரம்பாக்கம் உடைந்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் ஒரு மாடி உயரத்துக்குத் தண்ணீர் வரும் என்றது. பேசியது யார், எந்த ஊர், என்றைக்குப் பேசியது, எதுவும் இல்லை. அதைக் கேட்டு ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு ஓடும் தண்ணீரில் இறங்கிவிட்டது. நான்காவது தெருப் பையன்கள் மறித்து மாடிக்கு ஏற்றினார்கள். அதைப் பரப்பியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள் என்று நம்புகிறேன். ஆனால் இனிமேல் அப்படி ஒன்று வந்தால், அனுப்புவதற்கு முன் தெருப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னொன்று: பக்கத்திலிருக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம், நாம் செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பை நமக்கானது என்று அனுப்பிக் குழப்ப வேண்டாம்.

படிவத்தால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு: ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருந்த பெரியவர் ஒருவரை, பட்டியலில் பெயர் இருந்ததால், ஞாயிறு இரவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கி, இன்வெர்ட்டர் உள்ள எதிர் வீட்டு மாடியில் சேர்த்தோம். மறுநாள் தீயணைப்புத் துறையின் ரப்பர் படகில் மருத்துவமனைக்குப் போனார். இன்று நலமாக இருக்கிறார். அதே தெருவில் படிவம் தராத வீடு ஒன்றில் வயதான தம்பதி தனியாக இருந்தது யாருக்கும் தெரியாது. வெளிநாட்டிலிருந்த மகன் யார் யாரையோ பிடித்துச் சொல்லித்தான் செவ்வாய்க்கிழமை போனோம். கட்டில்மேல் நாற்காலி போட்டு அதன்மேல் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். ஐயா நின்றுகொண்டிருந்தார். கால் விறைத்துப் போயிருந்தது.

செப்டம்பரில் நடந்த வெள்ள முன்னேற்பாட்டுப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் நிறையப் பேர். வந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. தண்ணீர் வந்தபோது நின்றவர்கள் அதிலும் குறைவு. உறவினர் வீட்டுக்குப் போனதைக் குறை சொல்லவில்லை, குடும்பம் முக்கியம். ஆனால் மாடிச் சாவியையும் கயிறு வைத்திருந்த அறைச் சாவியையும் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனதால் பூட்டை உடைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பூட்டின் விலையும் கணக்கில் இருக்கிறது.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போய், சிறு தொகை வங்கியில் இருக்கிறது. தண்ணீர் இறைக்க மோட்டார் வாடகை எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆண்டுச் சந்தா 600 ரூபாய், மாதத்துக்கு 50 ரூபாய்தான். மூன்று ஆண்டாகக் கட்டாத வீடுகள் உள்ளன. அவர்கள் வீட்டுக்கும் படகு போனது, பால் பாக்கெட் போனது, பிரெட் போனது. யாரிடமும் ரசீது கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டோம். ஆனால் கட்டக்கூடிய வசதி இருந்தும் கட்டாமல் இருப்பது, கட்டுகிறவர்களுக்குச் செய்யும் நியாயம் இல்லை.

நமக்கு உதவிய தீயணைப்புத் துறையினர், மின்வாரியப் பணியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், படகோடு வந்த மீனவ நண்பர்கள், சமையலுக்கு அடுப்பு தந்த கோயில் நிர்வாகத்தினர், மகளிர் குழு, தலைவர், பொருளாளர் ஆகிய அனைவருக்கும் சங்கத்தின் நன்றி. நான்காவது தெரு இளைஞர்களுக்குத் தனியாக நன்றி. அவர்களில் பாதிப் பேர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். நம் விதிப்படி உறுப்பினர்கள்கூட இல்லை. அந்த விதியை இன்று மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டைப் பற்றி: அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் பொறுப்பாளர்களாகத் தெருவுக்கு இரண்டு பேர் வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. மழைக்காலத்தில் ஊரில் இருப்பவராக இருக்க வேண்டும். 1070 (மாநிலப் பேரிடர் உதவி), 1077 (மாவட்டப் பேரிடர் உதவி), 108 (ஆம்புலன்ஸ்), 101 (தீயணைப்பு) என்ற எண்களைப் பலகையில் பெயின்ட்டில் எழுதிவிட்டோம். பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், ரேடியோவுக்குப் பேட்டரி மாற்ற வேண்டும், கோடுகள் அழிந்தால் திரும்ப வரைய வேண்டும். இதை ஒரே ஆள் செய்துகொண்டிருக்க முடியாது. எனக்கும் வயதாகிறது, வீட்டிலும் கேட்கிறார்கள். எல்லாத் தெருவிலிருந்தும் பெயர் வந்தால் இன்னும் ஓராண்டு இந்தப் பொறுப்பில் தொடர்கிறேன். வராவிட்டால் பதிவேட்டையும் சாவிகளையும் தலைவரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். பெயர் எழுதும் தாள் பொருளாளர் மேஜையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்