இரும்புக்கைக்குப் பின்னால் இருந்த கை: சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆயாக்கள், தாத்தாக்கள், அக்கா அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

கோயில் மண்டபத்தில் நடந்த சித்திரக்கதைக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது.

இரும்புக்கை மாயாவி சித்திரக்கதையைத் தமிழில் படித்தவர்கள் எத்தனையோ பேர். அதை வரைந்த ஹெசுஸ் பிளாஸ்கோவின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கொஞ்சம்தான். 1919-இல் பார்சிலோனாவில் பிறந்தவர். 1962-இல் லண்டனில் தொடங்கிய வேலியண்ட் வார இதழில் இரும்புக்கையை வரைந்தார். அந்தக் காலத்து ஆங்கிலச் சித்திரக்கதை வார இதழ்கள் பெரும்பாலும் ஓவியர் பெயரைப் போடுவதில்லை. 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழாக அந்தக் கதை தமிழுக்கு வந்தது. 1995-இல் அவர் காலமானார். இங்கே வைத்த ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அவர் பெயர் இருந்தது. இத்தனை பாடும் அதற்காகத்தான்.

பெட்டியடியில் வைத்திருந்த பழைய இதழ்களை நம்பித் தந்த ஆயாக்களுக்கு முதல் நன்றி. டர்பன் கடற்காற்றில் ஸ்டேப்பிள் கம்பி துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்றுவிடுகிறது. கம்பியை இழுத்தால் தாள் கிழியும். கம்பியின் கால்களைப் பின்பக்கம் நிமிர்த்தி மெல்ல எடுத்து, அதே ஓட்டையில் பருத்தி நூல் கோத்துத் தந்த தையல்கார அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது! கிழிசலில் செலோடேப் மட்டும் வேண்டாம். பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும்.

ஸ்கேன் செய்த தம்பிக்கும் நன்றி. நியூஸ்பிரிண்ட் தாளில் மறுபக்கத்து மை தெரியும். பின்னால் கறுப்பு அட்டை வைத்து 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்ததால்தான் பிளாஸ்கோவின் மெல்லிய கோடுகள் பிழைத்தன.

பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்த ஓவிய ஆசிரியருக்குத் தனி நன்றி. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து கை மட்டும் மிஞ்சும். வெறும் கையை மட்டும் வரைந்தால் கயிற்றில் தொங்கும் கையுறை மாதிரி இருக்கும். முதலில் முழு ஆளையும் வெளிர்நீலப் பென்சிலில் வரைய வேண்டும். முழங்கையும் தோளும் எங்கே என்று தெரிந்த பிறகு கைக்கு மட்டும் மை. எதிரே நிற்பவர் பார்வை கைக்குப் போகக் கூடாது, தெரியாத முகம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்; வசனக்கூண்டின் வாலும் அங்கேதான். ஐயா இதைச் சொன்னதும் பிள்ளைகளின் படங்களில் கைக்குப் பின்னால் ஆள் வந்துவிட்டார். தூரிகையின் பாதி மயிர் வரைதான் மையில் தோய்க்கலாம் என்றும் பழக்கினார். மயிரைப் பிடித்திருக்கும் பூணுக்குள் மை ஏறிக் காய்ந்தால் முனை பிளந்துவிடும். இந்த ஈரக்காற்றில் மை காய நேரம் பிடிப்பதால் ஸ்கேலை அவசரப்பட்டு வைத்த சில பக்கங்கள் இழுசிவிட்டன. அவற்றையும் மாட்டினோம்.

வசனம் எழுதிய தமிழ் வகுப்பு அக்காமாரே, உங்கள் பொறுமை பெரிது. ஒன்றரை மடங்கில் வரைந்ததைச் சிறிதாக்கி அச்சடிக்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளிதான். ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். கோட்டின் தடிமனைவிடப் புள்ளியைப் பெரிதாக வைத்து, ‘ணை’யின் சுழிகளை அகலத் திறந்து, எல்லாவற்றையும் இரண்டாம் முறை எழுதித் தந்தீர்கள்.

மரக்கறி பிரியாணியும் பருப்பும் சமைத்து, எண்ணெய்க் கை பலகையில் படாதபடி வெளித்தாழ்வாரத்தில் பரிமாறியவர்களுக்கும் நன்றி.

உதவியவர்கள் பெயரெல்லாம் மண்டப வாசல் பலகையில் இருக்கிறது. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பக்கத்தில் பேனா கட்டியிருக்கிறோம், எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவினர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்