42ஆம் நாள் கேட்காத கேள்வி: நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். ஊருக்கு இன்னும் நர்சம்மாதான். பிரசவமான வீட்டுக்கு 3ஆம் நாள், 7ஆம் நாள் என்று போகத் தொடங்கி 42ஆம் நாளோடு கணக்கை முடிப்போம். காய்ச்சல் உண்டா, உதிரப்போக்கு எப்படி, தையல் ஆறிவிட்டதா, பால் சுரக்கிறதா, அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட என்ன ஏற்பாடு என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். "இருமினா, தும்மினா ஒண்ணுக்கு வந்துடுதாம்மா?" என்று ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. என் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை நாங்கள் கேட்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

இத்தனைக்கும் எனக்கே அது இருந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் நனைந்துவிடும். கைப்பையில் எப்போதும் மடித்த பழைய புடவைத் துணி இருக்கும். காலையில் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவேன். போகிற வீட்டிலெல்லாம் "தண்ணி நிறையக் குடிக்கணும்" என்று புத்தி சொல்வேன். பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று அம்மா சொன்னதை, நர்சிங் படித்த நானும் நம்பினேன்.

களையெடுக்கப் போகும் ஓர் அக்கா ஒருநாள் என்னைக் கிணற்றடிக்குத் தனியாக அழைத்துப் போனார். "அடி இறங்கிருச்சு நர்சம்மா. குத்தவச்சா முட்டை மாதிரி கையில தட்டுது." கர்ப்பப்பை கீழே இறங்கிவிடுவதைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். எவ்வளவு நாளாக என்றேன். கடைக்குட்டி பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து என்றார். அந்தக் கடைக்குட்டிக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவரை துணியை வைத்து அழுத்திக் கட்டிக்கொண்டே நடவுக்கும் களைக்கும் போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கர்ப்பப்பையை எடுத்தார்கள். சில வருடம் கழித்து, கர்ப்பப்பை இல்லாத அந்த இடமே மறுபடி கீழே இறங்கியது. வெட்கத்தை விட்டு ஒருமுறை வாய் திறந்தவர், இரண்டாம் முறை என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன். முன்னால் இடுப்பெலும்பு சேரும் இடத்திலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டியதுபோல ஒரு தசைப் படலம் இருக்கிறது. அதுதான் இடுப்புத்தளம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றுக்கும் அதுவே தாங்கல். பிரசவத்தில் அது இழுபட்டு நைகிறது. தீராத இருமலும் மலச்சிக்கலும் தலைச்சுமையும் மேலிருந்து அழுத்துகின்றன. தூளி நைந்துபோனதற்கு, உள்ளே கிடக்கும் பிள்ளையைத் தூக்கி எறிந்தால் தூளி சரியாகிவிடுமா? கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டிய நேரங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தாங்கலைச் சரிசெய்யாமல் அதை மட்டும் எடுத்து அனுப்பினால், அந்த அக்காவுக்கு நடந்தது நடக்கும். கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே மேலே தூக்கிக் கட்டும் அறுவை முறைகளைப் பம்பாய் மருத்துவர்கள் ஷிரோத்கரும் புரந்தரேயும் உருவாக்கிப் பல காலம் ஆகிறது. நம் நாட்டில் சின்ன வயதிலேயே அடி இறங்குகிறது என்று கண்டவர்கள் அவர்கள்.

கத்திக்கு முன்னால் செய்ய வேண்டியதோ மிக எளிது. 1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் எழுதிய, இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சிதான் இன்றைக்கும் முதல் சிகிச்சை. இருமினால் கசிபவர்களுக்கு, நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டு முறையாவது, குறைந்தது மூன்று மாதம், தெரிந்தவர் மேற்பார்வையில் என்று பிரிட்டிஷ் வழிகாட்டுதல் சொல்கிறது. மேற்பார்வை என்ற சொல்லைத் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள். 'காற்று பிரியாமல் அடக்குவதுபோல் மேலே இழு' என்றால் பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே முக்குகிறார்கள். நானும் அப்படித்தான் முக்கினேன். ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் திருத்திய பிறகுதான் பிடிபட்டது. மூன்றாம் மாத முடிவில் கைப்பையிலிருந்து துணி போனது.

இன்னொன்று, எல்லோருக்கும் தசை தளர்ந்திருக்காது. சிலருக்கு அது இறுகிப்போய், தாம்பத்திய உறவில் வலி, மலம் கழிப்பதில் சிரமம் என்று வரும். அவர்களை இறுக்கச் சொன்னால் வலி கூடும். தளர்த்தத்தான் கற்றுத்தர வேண்டும். செல்போனில் வீடியோ பார்த்துச் செய்துகொள்ளட்டும் என்று விட முடியாது என்பது இதனால்தான்.

அடி இறங்கியவர்களுக்கு, இறங்கியதைத் தாங்கிப் பிடிக்கும் சிலிக்கோன் வளையம் இருக்கிறது. அளவு பார்த்து உள்ளே வைத்துவிட்டு, சில மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவிப் பரிசோதிக்க வேண்டும். அறுவைக்கு உடம்பு தாங்காத பாட்டிகளுக்கு அது வரம். எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் இருந்தவரை அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் இங்கே 99.6% பிரசவம் மருத்துவமனையில்தான். அப்படியென்றால் ஏறக்குறைய ஒவ்வொரு தாயும் உங்கள் கண்முன் வந்து போகிறாள். அதே ஆய்வில் 44.9% சிசேரியன். வயிற்றைக் கிழித்து எடுத்ததால் கீழே ஒன்றும் ஆகாது என்று அந்தப் பெண்கள் நினைக்கிறார்கள். ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. பத்து மாதப் பாரத்தை அந்தத் தசையும் சேர்ந்துதானே சுமந்தது? பச்சை உடம்பு என்று சொல்லிக் குடம் தூக்க விடாத பாட்டிமார் விவரம் தெரிந்தவர்கள். வயிற்றைத் துணியால் இறுகக் கட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மேலே இறுக்கினால் அழுத்தம் எங்கே போகும்?

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கவாதம் வந்த தாத்தாவின் கையை மடக்கி நீட்டிவிட்டுக் கிளம்பும் அவர்களுக்கு, அதே வீட்டின் அடுக்களையில் நிற்கும் மருமகளைப் பார்க்கவும் பயிற்சி கொடுங்கள். பெண் பிசியோதெரபிஸ்டாக இருக்கட்டும். வளையத்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். எப்போதும் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, மலமும் அடங்காவிட்டாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று களப்பணியாளருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், 42ஆம் நாள் பதிவில் அந்த ஒரு கட்டத்தைச் சேருங்கள். பிரஷர் மாத்திரை வாங்கும் பாட்டிகளிடமும் அதையே கேட்கச் சொல்லுங்கள். 'சிறுநீர் அடக்கமின்மை உள்ளதா' என்று அச்சடித்துவிடாதீர்கள், யாருக்கும் புரியாது. 'இருமினா ஒண்ணுக்கு வருதா, கீழே ஏதாவது இறங்கின மாதிரி இருக்கா' என்றே போடுங்கள். கேட்கும் முன் மாமியாரைக் காப்பி போட அனுப்பிவிட வேண்டும் என்பதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருத்தி