களிப்பானையைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு

சித்தேரி மலையடிவாரக் கூட்டுவாழ்வுப் பண்ணையில் என்னோடு இருந்த பதின்மூன்று பேருக்கும், எங்களைப் பொறுத்துக்கொண்ட ஊராருக்கும்,

வணக்கம். அடுத்த வாரம் தர்மபுரியில் வேலைக்குச் சேருகிறேன். பதினாறு மாதம் ஒன்றாக உண்டு உறங்கியவர்களிடம் நேரில் நன்றி சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இதற்கு முன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஓர் அறைக்கு ஆறு பேர், மூன்று ஷிப்டு. நான் எழுந்த பாயில் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் வந்து படுப்பார். ஒருமுறை காய்ச்சலில் ஊருக்குப் போய் ஒன்பது நாள் கிடந்துவிட்டுத் திரும்பினேன். நான் ஷிப்டு மாறிவிட்டதாகவே அறையில் நினைத்திருந்தார்கள். அவர்கள்மீது குறை இல்லை. அவர்களில் ஒருவர் காணாமல் போயிருந்தால் நானும் கவனித்திருக்க மாட்டேன்.

பண்ணையில் முதல் வாரமே கழிப்பறை கழுவும் முறை என் தலையில் விழுந்தது. முகம் சுளித்தேன். பெரிய அண்ணன் திட்டவில்லை. 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தியும் அவர் நண்பர் கேலன்பாக்கும் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையைப் பற்றிச் சொன்னார். "அங்கே வேலைக்காரர் கிடையாது தம்பி. சமையல் முதல் கழிவு அள்ளுவது வரை அவரவர் கையால்தான். நம் தமிழ்க் குடும்பங்களும் அங்கே இருந்தன" என்றார். காந்தி செய்தால் நானும் செய்ய வேண்டுமா என்று மனத்துக்குள் முணுமுணுத்தேன். ஆனாலும் கழுவினேன்.

என்னை மாற்றியது அந்தக் கதை அல்ல, செவ்வாய்க்கிழமைக் களி. பதினான்கு பேருக்குக் களி கிண்டுவது ஒருவரால் ஆகிற வேலை இல்லை. நொய் வெந்து, கேழ்வரகு மாவு கொட்டி, துடுப்பை அழுத்திச் சுழற்றும்போது பானையும் கூடவே சுழலும். எதிரே ஒருவர் உட்கார்ந்து பிடித்தே ஆக வேண்டும். செவ்வாய்தோறும் அது என் முறை. ஒரு செவ்வாயன்று வயலிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. சமையல் அக்கா அடுப்பைத் தணித்துவிட்டுக் காத்திருந்தார். எல்லோரும் பசியோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசை வாங்கினேன். நான் வராததற்கு ஒருவர் கோபப்பட்டது, அம்மாவுக்குப் பிறகு, அதுதான் முதல் தடவை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமைக் கூட்டங்களுக்கும் நன்றி, அரைமனதோடு. மனத்தாங்கலை முதுகுக்குப் பின்னால் பேசாமல் முன்னால் பேசச் சொல்வது நல்ல வழக்கம்தான். ஆனால் சோப்புக்கட்டி கணக்குக்கு இரண்டு மணி நேரம் அதிகம். அந்தக் கூட்டங்கள் ஒத்துவராமல் இரண்டு பேர் போனார்கள். அவர்களைத் தடுக்காமல் பஸ் ஏற்றிவிட்டுக் கையசைத்தோமே, அதையும் மறக்கவில்லை.

சிட்லிங்கி என்ற மலையூருக்கு அழைத்துப்போன தோழிக்குத் தனியாக நன்றி. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெண்களையே பழக்கிச் செவிலியர்களாக்கினார்கள். அங்குள்ள லம்பாடிப் பெண்கள் 'போர்கை' என்ற பெயரில் தங்கள் பாட்டிமாரின் பூத்தையலை மீட்டெடுத்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். ஊரைவிட்டு ஓடினால்தான் பிழைப்பு என்று வளர்ந்தவன் நான். திரும்பும் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை.

கோடையில் எங்கள் கிணறு வற்றியபோது, கேட்காமலே குழாயை இந்தப் பக்கம் திருப்பிவிட்ட பக்கத்துத் தோட்டத்துத் தாத்தாவுக்கு என்ன சொல்ல? "சாமியார் மடமா இது?" என்று ஆறு மாதம் சந்தேகப்பட்டவரும் அவரே. என் அம்மாவுக்கும் அதே சந்தேகம்தான். ஒரு நாள் வந்து, பானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கீரை ஆயத் தொடங்கினார்.

இனி செவ்வாய் முறை புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு. தம்பி, பானையின் இடப்பக்கக் காது ஆடுகிறது. ஈரத்துணி சுற்றிப் பிடி. அக்கா கூப்பிடும் முன்பே போய் உட்கார்ந்துவிடு.