முகவரியை எனக்கும் சொல்லாதே

அன்புள்ள கண்ணு,

வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்ளலாமா என்று நீ கேட்டதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது. நம் வீட்டில் போன் பேசினால் பெரியப்பா வீட்டுத் திண்ணை வரைக்கும் கேட்கும். அதனால் எழுதுகிறேன். எனக்குச் சம்மதம். அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். பெரியப்பாவும் உன் மாமன்மாரும் ஒப்ப மாட்டார்கள். அவர்களை ஒப்ப வைக்கிறேன் என்று நீ வருஷக்கணக்கில் காத்துக் கிடக்காதே. வக்கீல் குமாஸ்தாவாக எனக்குத் தெரிந்ததை இதில் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு, நீ கட்டப்போகும் தம்பியிடமும் கொடு.

முதலில், நாளைக்கே தாலி கட்டியாக வேண்டுமா என்று யோசி. உன் சம்மதம் இல்லாமல் இங்கே யாரும் உனக்கு நிச்சயத் தேதி குறிக்கவில்லை. குறிக்கப் பார்த்தால் அன்றே உனக்குச் சேதி வரும். நீ வயது வந்தவள், வேலை பார்க்கிறாய், விடுதியில் இருக்கிறாய். பயத்தில் அவசரமாகச் செய்த திருமணங்களில் பாதிப் பேருக்கு மறுநாள் எங்கே படுப்பது என்று கூடத் தெரிந்திருக்காது. கையில் ஆறு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் இருக்கட்டும். அது சேரும் வரை ஊருக்குத் தெரியாமல் இருப்பது கோழைத்தனம் ஆகாது.

அந்த இடைவெளியில் உன் பொருள்களையெல்லாம் இந்த வீட்டிலிருந்து பிரித்துக்கொள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், டி.சி., பட்டம், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் அசலாக உன் கையில் இருக்க வேண்டும். வயதுக்கு ஆதார் மட்டும் போதாது, பள்ளிச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும்தான் நிற்கும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருப்பது தாளில் தெரிந்துவிட்டால், எதிர்த்தரப்பு போடக்கூடிய பெரிய வழக்கு ஒன்று அங்கேயே விழுந்துவிடும்.

உன் சிம் கார்டு அண்ணன் பேரில் இருக்கிறது. அது அவன் பேரில் இருக்கும் வரை, அவன் கடைக்குப் போய் அதை நிறுத்தலாம், அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கலாம். உன் வங்கி ஓ.டி.பி. எல்லாம் அவன் கைக்குப் போகும். உன் ஆதாரைக் கொடுத்துப் புது எண் வாங்கி, வங்கி, ஆதார், பி.எஃப். மூன்றிலும் அதை மாற்று. குடும்பத்துக்காகப் பகிர்ந்து வைத்த கூகுள் லொகேஷனை நிறுத்து. ரயில் டிக்கெட்டை அண்ணன் கணக்கில் போடுகிற பழக்கத்தையும் விடு. ஸ்கூட்டியும் அவன் பேரில்தான் இருக்கிறது. அதை விடுதியிலேயே விட்டுவிட்டுப் போ, இல்லாவிட்டால் திருட்டுப் புகார் வரும். நகை விஷயமும் அப்படித்தான். "அறுபது பவுனோடு ஓடிவிட்டாள்" என்று புகாரில் எழுத, வீட்டில் ஆறு பவுன் குறைந்தாலே போதும். உன் கழுத்தில் கிடக்கும் செயினைத் தவிர ஒன்றும் எடுக்காதே. உனக்குச் சேர வேண்டியது எங்கேயும் போகாது.

திருமணத்தைக் கோயிலில் வைக்கலாம் என்று தம்பி சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம். கோயிலில், இதுதான் முதல் திருமணம் என்பதற்குச் சான்று கேட்பார்கள். அதற்கு வி.ஏ.ஓ.விடம் போக வேண்டும், அவருக்கு நம் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தெரியும். கூடவே பெற்றோர் எங்கே என்றும் கேட்பார்கள். நீங்கள் இருவரும் இந்துக்கள் என்பதால் சுயமரியாதைத் திருமணமே போதும். அண்ணா முதல்வராக இருந்தபோது கொண்டுவந்து 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு அது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ சிலர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறோம் என்று சொல்லலாம், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், அல்லது தாலி கட்டலாம். புரோகிதர் தேவையில்லை. வக்கீல் அறையில் நடந்தால் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாற்றிவிட்டது. வக்கீல் ஒரு நண்பராக முன்னின்று நடத்தி வைக்கலாம்.

ஒன்றை மறக்காதே. ரிஜிஸ்டர் ஆபீசில் போடுகிற கையெழுத்து மட்டும் இந்துத் திருமணம் ஆகாது. சடங்கு நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கிய ஒரு திருமணத்தை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆகவே மாலை மாற்றும்போது, சாட்சிகளின் முகம் தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள், வீடியோவும் எடுங்கள். சாட்சிகள் மூவர் இருக்கட்டும். அவர்கள் நாளைக்குக் கோர்ட்டுக்கு வரக்கூடியவர்களா என்று பார்த்துக் கேள். அறைத்தோழி வருவாள் என்று நினைக்காதே, அவளுக்கும் ஒரு வீடு இருக்கிறது.

பிறகு பதிவு. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நீங்கள் 90 நாள் எடுக்காதீர்கள், அன்றோ மறுநாளோ முடித்துவிடுங்கள். விண்ணப்பத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே நிரப்பலாம், புரோக்கர் வேண்டாம். பெரும்பாலும் மனு திரும்புவது இனிஷியலால்தான். உன் மதிப்பெண் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் இரண்டு எழுத்து. அதை இப்போதே சரிசெய். அடுத்த சிக்கல் முகவரி. ஆதாரில் ஊர் முகவரி இருந்தால் எந்த ஆபீஸ் வரம்பு என்று இழுத்தடிப்பார்கள். வாடகை ஒப்பந்தமும் வங்கிப் புத்தகமும் கையில் வைத்துக்கொள். பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்டால், வயது வந்தவர்களுக்கு அப்படி எந்தச் சட்டத்திலும் இல்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சான்றிதழ் வந்ததும் நான்கு நகல் எடுத்து நான்கு இடத்தில் வை.

உன் சிநேகிதி ஒருத்தி வேறு மதத்துப் பையனைக் கட்டப்போகிறாள் என்றாயே, மதம் மாறாமல் செய்வதானால் அவளுக்கு இந்த வழி கிடையாது. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். நோட்டீசை ஆபீசில் ஒட்டுவார்கள். அவளுடைய நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்கேயும் ஒரு நகல் போய் ஒட்டப்படும். ஊருக்குச் சேதி போவது அந்த வழியில்தான். அவள் அதற்கு முன்பே ஒரு வக்கீலைப் பார்க்கட்டும்.

திருமணம் முடிந்த அன்றைக்கே போலீசுக்கு மனு போக வேண்டும். நீங்கள் இருக்கும் ஊரின் கமிஷனருக்கு ஒன்று, நம் மாவட்ட எஸ்.பி.க்கு ஒன்று, தம்பியின் மாவட்டம் வேறு என்றால் அங்கேயும் ஒன்று. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள், மின்னஞ்சலிலும் அனுப்பு. நேரில் கொடுத்தால் மனுவுக்கான ரசீதை, அதாவது சி.எஸ்.ஆர்., வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதே. மனுவில் கண்ணீர்க் கதை வேண்டாம். இருவர் வயது, சொந்த விருப்பம், திருமணத் தேதி, இணைப்புகள், மிரட்டியவர் பெயர், எந்தத் தேதியில் என்ன சொன்னார் என்பது. இவ்வளவு போதும். பெரியப்பா பேரை எழுதக் கை கூசும். கூசினாலும் எழுது. "நான் காணாமல் போகவில்லை" என்று ஒரு வரியும் சேர். ஏனென்றால் எங்கள் பக்கத்திலிருந்து முதலில் வரப்போவது "மகளைக் காணவில்லை" என்ற புகார்தான்.

2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கென்றே உத்தரவு போட்டிருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் எஸ்.பி., சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் சேர்ந்த தனிப்பிரிவு, 24 மணி நேர உதவி எண், தேவைப்பட்டால் பாதுகாப்பு இல்லம். அந்த இல்லத்தில் முதலில் ஒரு மாதம், அப்புறம் நிலைமையைப் பார்த்து ஒரு வருஷம் வரை தங்கலாம். மனுவில் இந்தத் தீர்ப்பின் பேரைச் சொல்லிக் கேள். சொல்லிக் கேட்பவர்களுக்குத்தான் எதுவும் நடக்கிறது. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, இலவச சட்ட உதவிக்கு 15100.

ஸ்டேஷனில் என்ன நடக்கும் தெரியுமா? இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்துச் "சமாதானம்" பேசுவார்கள். "பொண்ணு நாலு நாள் அம்மாகூட இருக்கட்டும், மனசு ஆறட்டும்" என்று ஒரு பெரிய மனிதர் சொல்வார், இன்ஸ்பெக்டர் தலையாட்டுவார். அந்த நாலு நாளில்தான் எல்லாம் கெட்டுப்போகும். வக்கீல் இல்லாமல் போகாதே. விசாரணைக்கு என்றால் பெண்ணை அவள் இருக்கும் இடத்தில் வைத்தே கேட்க வேண்டும் என்பது சட்டம், குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 179ஆம் பிரிவு. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே. உன்னைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லி வீட்டார் ஆட்கொணர்வு மனு போட்டால் பயப்படாதே. நீதிபதி உன்னைத்தான் கேட்பார், எங்கே போக விரும்புகிறாய் என்று. அம்மா எதிரில் அழுதுகொண்டு நிற்பாள். "கணவரோடு போகிறேன், என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை" என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு அப்புறம் அழு.

தம்பி பட்டியல் சமூகம். எனவே மிரட்டுவது நம் ஆட்கள் என்றால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். அவருடைய சாதிச் சான்றிதழ் நகலை மனுவோடு வையுங்கள், அந்தச் சட்டம் சேர்ந்தால் விசாரணையும் டி.எஸ்.பி. கைக்குப் போகும். அவருடைய அப்பா அம்மாவுக்கும் சேர்த்துப் பாதுகாப்புக் கேளுங்கள். நிறைய ஜோடிகள் இதை விட்டுவிடுகிறார்கள். ஓடிப்போனவர்கள் கிடைக்காவிட்டால் கோபம் காலனி மேல் திரும்பும். தருமபுரியில் 2012 நவம்பரில் ஒரு காதல் திருமணத்துக்காக நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று குடியிருப்புகளை எரித்தார்கள். நீ சென்னையில் பத்திரமாக இருந்து, அவருடைய அம்மா ஊரில் தனியாக மாட்டிக்கொண்டால், அந்த வீட்டில் உனக்கு எப்படி இடம் கிடைக்கும்?

இனி நான் சொல்வது உனக்குப் பிடிக்காது. விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளைகள் இருவர் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் அவரவர் வீட்டில் இருந்தார்கள். ஜூலையில் இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். தீர்ப்பு வர 2021 ஆனது, தண்டனை பெற்றவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் பட்டப்பகலில் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு தம்பதியை வெட்டினார்கள், கணவர் இறந்துபோனார், அப்போது திருமணமாகி எட்டு மாதம். கும்பகோணம் பக்கத்தில் 2022 ஜூனில், கட்டி ஒரு வாரம் கூட ஆகாத தம்பதியை விருந்துக்கு என்று அழைத்து வெட்டிக் கொன்றார்கள். இவற்றிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியவை: பதிவு செய்த பிறகு இருவரும் பிரிந்து இருக்கக் கூடாது, எட்டு மாதம் ஆனாலும் வேலைக்குப் போய்வரும் நேரத்தையும் பாதையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், யார் அழைத்தாலும் ஊருக்கு வரக் கூடாது.

யார் அழைத்தாலும் என்றால் நான் அழைத்தாலும்தான். அமுச்சிப் பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்பார்கள், அம்மா மருந்தைக் குடித்துவிட்டாள் என்பார்கள், ஊரறிய வரவேற்பு வைக்கிறோம், மண்டபம் பிடித்தாயிற்று என்பார்கள். என் குரலே போனில் கேட்கலாம், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. நாங்கள் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள்தான் வருவோம், உங்கள் வீட்டுக்கு இல்லை, நீங்கள் சொல்கிற பொது இடத்துக்கு. உன் முகவரியை எனக்கும் சொல்லாதே. தெரியாததை யாரும் என் வாயிலிருந்து பிடுங்க முடியாது. உன் கம்பெனி எச்.ஆரிடமும் செக்யூரிட்டியிடமும், சொந்தக்காரர் என்று யார் வந்து கேட்டாலும் விவரம் தரக் கூடாது என்று எழுத்தில் கொடு.

வீடு பார்க்கும்போது "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். கேட்கிற வீடே வேண்டாம், வாடகை இரண்டாயிரம் கூடுதலானாலும் கேட்காத வீட்டுக்குப் போங்கள். உன் சாதிச் சான்றிதழ் திருமணத்தால் மாறாது. உன் இனிஷியலை மாற்றவும் இப்போது அவசரமில்லை, மாற்றினால் பாஸ்போர்ட்டிலிருந்து பி.எஃப். வரை எல்லாம் முரண்டு பண்ணும். கலப்புத் திருமணத்துக்கு அரசு உதவி உண்டு. பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் விசாரணைக்கு ஊருக்கு ஆள் வரக்கூடும், அதை உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொண்டு செய். நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அம்மா சமூகமா அப்பா சமூகமா என்பதை நீங்களே முடிவு செய்து சான்றிதழ் வாங்கலாம்.

அவர்கள் வீட்டில் உன்னை முதலில் விருந்தாளியாக வைப்பார்கள். வேலை செய்ய விட மாட்டார்கள், நல்ல தட்டை உனக்குக் கொடுப்பார்கள், பெரியவர்கள் கூட உன்னை "நீங்க" என்பார்கள். அது பாசம் மட்டும் இல்லை கண்ணு, அதில் பழைய பயமும் இருக்கிறது. அதை நீ அனுபவித்துக்கொண்டு உட்காராதே. அடுப்படிக்குப் போ, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடு. சாதியைப் பற்றி அவர்கள் பேசும்போது நம் வீட்டுக்கு வக்காலத்து வாங்காமல் கேட்டுக்கொள். உனக்கும் கஷ்டம் வரும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் அடிக்காது. அந்த நாட்களில் இரண்டு பேரும் சும்மா இருந்தால் சண்டை வரும். வேறு ஊருக்கு ஒரு பயணம் போடுங்கள், இல்லை சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். மனசு ரொம்பச் சுருங்கினால் மனநல உதவி எண் 14416க்குப் பேசு, தமிழிலேயே பேசலாம்.

அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். தம்பியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உன் அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தனிக் கவரில் உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன், உறையில் அனுப்புநர் பேர் வக்கீல் ஆபீஸ் பேராக இருக்கும். வந்ததும் லேமினேஷன் போடாதே, பின்னால் முத்திரை வைக்க முடியாது. ஸ்கேன் எடுத்துத் தம்பியின் மின்னஞ்சலுக்கும் ஒன்று அனுப்பி வை.